காய்ச்சல் இறங்கிய பிறகு

அன்புள்ள டாக்டர்,

நேற்று மாலை கல்லூரி முடிந்து ஸ்ரீரங்கத்தில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் நிலவேம்புக் கசாயத்தின் வாடை மூக்கில் ஏறியது. மழை விட்டுவிட்டுப் பெய்யத் தொடங்கியிருக்கிறது. தெருமுனையில் சாமியானா போட்டு, பெரிய அண்டாவில் காய்ச்சி, போகிறவர் வருகிறவருக்கெல்லாம் பேப்பர் கப்பில் ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். எனக்கும் ஒன்றை நீட்டினார்கள். வாங்கிக் குடித்தேன். கசப்பு தொண்டையில் இறங்கியபோது நீ ஒரு தடவை சொன்னது நினைவுக்கு வந்தது. "இதால டெங்கு போகுமா டாக்டர்?" என்று நான் கேட்டேன். நீ ஒரே மடக்கில் குடித்து முகத்தைச் சுளித்துவிட்டு, "போகுதோ இல்லியோ, தண்ணியாவது உள்ள போகும்ல" என்றாய்.

நீ இல்லாமல் வரும் இரண்டாவது காய்ச்சல் பருவம் இது. எழுத வேண்டும் என்று பலமுறை உட்கார்ந்து எழுந்துவிட்டேன். இன்று சொல்வதற்கு ஒரு சேதி இருக்கிறது. ஆனால் அதை முதலில் சொன்னால் நீ மீதியைக் கேட்க மாட்டாய். உன் பொறுமை எனக்குத் தெரியும்.

நாம் சந்தித்தது உன் வார்டில். என் மகள் அப்போது பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாள். டெங்கு என்று சொல்லிச் சேர்த்திருந்தோம். பக்கத்துக் கட்டில்காரர்கள் பிரார்த்தனை செய்துகொண்டிருந்தார்கள். எனக்குத் தெரிந்ததை நான் செய்துகொண்டிருந்தேன். மருந்துக்கடைக் கவரின் பின்பக்கத்தில் அவளுடைய காய்ச்சலைப் புள்ளி வைத்து வளைகோடாக இழுத்துக்கொண்டிருந்தேன். நீ குனிந்து பார்த்துச் சிரித்தாய்.

"கர்வ் எல்லாம் போட்டிருக்கீங்க. கணக்கு டீச்சரா?"

"ஆமாங்க டாக்டர். காலேஜ்ல."

"எனக்கு டீச்சர்தான்" என்றாய். கடைசி வரைக்கும் அப்படித்தான் கூப்பிட்டாய். நானும் உன்னை டாக்டர் என்பதைத் தவிர வேறெப்படியும் கூப்பிட்டதில்லை. நம் இருவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது என்பது பிறகுதான் தெரிந்தது.

என் கோடு கீழே இறங்கிய காலையில் நான் துணிகளை மடித்துப் பையில் வைக்க ஆரம்பித்தேன். நீ ரவுண்ட்ஸ் வந்தவள் நின்றுவிட்டாய்.

"எங்க கிளம்பிட்டீங்க டீச்சர்?"

"காய்ச்சல்தான் விட்டுடுச்சே."

"விட்டதாலதான் சொல்றேன், உட்காருங்க. காய்ச்சல் அடிக்கிற வரைக்கும் எனக்குப் பயம் இல்ல. விட்டதுக்கு அப்புறம் ஒரு நாள், ரெண்டு நாள் இருக்கு பாருங்க, அதுலதான் எனக்குத் தூக்கம் வராது." சொல்லிக்கொண்டே பைக்குள் கைவிட்டு, நான் மடித்து வைத்த துண்டை எடுத்துக் கட்டில் கம்பியில் மறுபடியும் போட்டாய். எல்லோரும் பிளேட்லெட் எவ்வளவு என்றே கேட்கிறார்கள், ஆனால் உயிருக்கு ஆபத்து பெரும்பாலும் கசிவில்தான் என்று விளக்கினாய். நுண்ணிய ரத்தக்குழாய்களின் சுவர் தளர்ந்து, ரத்தத்தின் நீர் வெளியே வழிந்துவிடும். வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்குக் குழந்தை காய்ச்சல் விட்டு அமைதியாகப் படுத்திருப்பதுபோல் தெரியும்.

என் மகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. வீட்டுக்கு வந்தோம். அத்தோடு உன்னை மறந்திருப்பேன், அடுத்த வருஷம் நீ என் வீட்டு வாசலில் ஸ்கூட்டரை நிறுத்தியிருக்காவிட்டால்.

அன்று உள்ளே வந்து, கொடுத்த காபியைத் தொடாமல் உட்கார்ந்திருந்தாய். காபி ஆறிப்போனது. பிறகு சொன்னாய். உப்பிலியபுரம் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெண் குழந்தை. காய்ச்சல் விட்டது. வயலில் வெங்காயம் எடுக்க ஆள் சொல்லியிருக்கிறது என்று வீட்டில் அவசரப்பட்டார்கள். வார்டில் கட்டில் போதாமல் இரண்டு இரண்டு பிள்ளைகளாகப் படுத்திருந்த சமயம். காய்ச்சல் விட்டவர்களை அனுப்பிவிடுங்கள் என்று நிர்வாகமும் சொல்லியிருந்தது. நீ இல்லாத வேளையில் அழைத்துப்போய்விட்டார்கள். திரும்பக் கொண்டுவந்தபோது நாடி கிடைக்கவில்லை.

"அவங்க மேல தப்பே இல்ல டீச்சர். தொட்டுப் பார்த்தாங்க, உடம்பு ஜில்லுனு இருந்துச்சு. நல்லாயிடுச்சுன்னு சந்தோஷப்பட்டுக் கூட்டிட்டுப் போனாங்க. யாரா இருந்தாலும் அப்படித்தான் நினைப்பாங்க." கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாய். "வெளிய தெரியறது ஒண்ணு, உள்ள நடக்கறது ஒண்ணு. நான் வாயால சொல்லிச் சொல்லி அலுத்துட்டேன். உள்ள நடக்கறதை நீங்க கணக்கா எழுத முடியுமா? வைரஸ் என்ன பண்ணுது, உடம்பு அதுக்கு என்ன பண்ணுது, எப்ப எது ஏறுது, எப்ப எது இறங்குது. கண்ணால பார்க்கற மாதிரி."

எனக்குத் தெரிந்தது முயலும் நரியும் கணக்குதான். வகுப்பில் வருஷா வருஷம் நடத்துவது. முயல் பெருகினால் நரிக்குத் தீனி, நரி பெருகும். நரி பெருகினால் முயல் குறையும். அதை உன்னிடம் சொன்னேன்.

"இதுல வைரஸ் முயலா?"

"ஆமாங்க."

"நரி?"

"நம்ம எதிர்ப்பு அணுக்கள்."

"ஆரம்பிங்க" என்றாய். ஆறிய காபியைக் குடித்துவிட்டுக் கிளம்பினாய்.

அதன்பிறகு ஞாயிற்றுக்கிழமைக் காலைகள் எல்லாம் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில்தான். இதற்கு முன்பே உலகத்தில் பலர் இந்த வழியில் நடந்திருக்கிறார்கள் என்பது படிக்கப் படிக்கத்தான் தெரிந்தது. அவர்களுடைய சமன்பாடுகளையே எடுத்துக்கொண்டேன். தொற்றாத செல்கள் எவ்வளவு வேகத்தில் குறைகின்றன என்று ஒன்று. தொற்றிய செல்கள் எப்படிக் கூடி எப்படிச் சாகின்றன என்று ஒன்று. அவை வெளியே தள்ளும் வைரஸ் எப்படிப் பெருகி எப்படி அழிகிறது என்று ஒன்று. அவற்றோடு எதிர்ப்பு அணுக்களுக்கும் ஒன்று சேர்த்தேன். உன் வார்டில் பெற்றோரின் சம்மதத்தோடு எடுத்த ரத்தப் பரிசோதனை முடிவுகளைப் புள்ளிகளாக வைத்தோம். என் கோடு அந்தப் புள்ளிகளை ஒட்டியே ஏறி, ஒட்டியே இறங்கியது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. கம்ப்யூட்டரை உன் பக்கம் திருப்பிக் காட்டினேன்.

நீ பார்த்தாய். கோடு இறங்கித் தரையோடு படுத்த இடத்தில் விரலை வைத்தாய்.

"இந்த இடத்துல என்ன?"

"வைரஸ் அழிஞ்சுடுச்சு. எல்லாம் பழையபடி ஆயிடும்."

"இந்த இடத்துலதான் அந்தக் குழந்தை செத்துச்சு." உன் குரல் ஏறியது. "வைரஸ் போயிடுச்சுன்னு உன் கணக்கு சொல்லுது. உன் கணக்குல குழந்தை எங்க இருக்கு?"

அன்றுதான் முதன்முதலாக என்னை நீ என்றாய். கோபத்தில் வந்துவிட்டது. சொன்ன பிறகு உனக்கே தூக்கிவாரிப்போட்டது. "மன்னிச்சுக்குங்க டீச்சர்" என்றாய். "வேண்டாம், நீன்னே சொல்லு" என்றேன். பின்பு இருவரும் அதிலேயே நின்றுவிட்டோம்.

கோபம் தணிந்ததும் உன் சொந்த ஊர் முசிறியில் இருந்த தோட்டத்தைப் பற்றிச் சொன்னாய். "எங்க வாழைத் தோட்டத்துல ஒரு தடவை மாடு பூந்துடுச்சு. விரட்டறேன்னு தெருவே உள்ள இறங்கிடுச்சு. மாடு தின்னது கொஞ்சம். இவங்க மிதிச்சுச் சாச்ச வாழைதான் அதிகம். மாடு வெளிய போன பிறகும் விடல, இன்னும் இருக்கோன்னு தேடித் தேடி மிதிச்சாங்க. உன் நரி முயலைத் தின்னுட்டுச் சும்மாவா போயிடும்?"

அந்த ஒரு பேச்சில் எனக்கு விடுபட்டது என்னவென்று புரிந்துவிட்டது. எதிர்ப்பு அணுக்கள் தொற்றிய செல்லைக் கொல்லும்போது ஊருக்கே கேட்கும்படி ரசாயனச் சத்தம் போடுகின்றன. அந்தச் சத்தம்தான் ரத்தக்குழாயின் சுவரைத் தளர்த்துகிறது. வைரஸ் குறைந்தவுடன் அது நின்றுவிடுவதில்லை. பின்தங்கி ஏறி, பின்தங்கித்தான் இறங்குகிறது. அதற்கு ஒரு சமன்பாடு, கசிவுக்கு ஒரு சமன்பாடு என்று சேர்க்க எனக்கு மாதக்கணக்கில் ஆனது. எந்த எண்ணைத் தொட்டாலும் இன்னொன்று கலைந்தது. விட்டுவிடலாம் என்று தோன்றிய போதெல்லாம் நீ வார்டிலிருந்து போன் செய்து, "என்ன ஆச்சு?" என்று மட்டும் கேட்பாய். பதில் சொல்வதற்காகவாவது மறுபடி உட்காருவேன்.

கடைசியில் திரையில் இரண்டு மேடுகள் எழுந்தன. முதல் மேடு வைரஸ். அது சரிந்து முடியும் இடத்தில், காய்ச்சல் விட்ட அதே நேரத்தில், இரண்டாவது மேடு ஏறத் தொடங்கியது. அது கசிவு. நீ எழுந்து ஜன்னலருகே போய் நின்றாய். திரும்பி வந்தபோது, "இதை வார்டுல மாட்டணும்" என்று மட்டும் சொன்னாய்.

அது அவ்வளவு சுலபமாக நடக்கவில்லை. "ஊர்க் காய்ச்சலுக்கு எதுக்குங்க வகைக்கெழு?" என்று என் துறையில் சிரித்தார்கள். நாம் ஆய்விதழ் ஒன்றுக்கு அனுப்பிய கட்டுரை, தரவு போதாது என்ற குறிப்போடு திரும்பி வந்தது. ஆஸ்பத்திரி நிர்வாக அதிகாரி நம் படத்தை அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்தார்.

"இது கம்ப்யூட்டர் போட்ட கோடுதானேம்மா?"

"ஆமா சார். ஆனா அந்தப் புள்ளிங்க எல்லாம் நம்ம வார்டுப் பிள்ளைங்க" என்றாய் நீ. "காய்ச்சல் விட்ட பிள்ளைங்களை வைக்க ஒரு தனி அறை கொடுங்க. இந்த ஒரு சீசன் மட்டும். தப்புன்னா நானே காலி பண்ணித் தரேன்."

பழைய சாமான்கள் போட்டிருந்த அறை ஒன்றைக் கொடுத்தார். நீயும் நர்சுகளும் சேர்ந்து கழுவினீர்கள். சுவரில் ஒரு வெள்ளைப் பலகை மாட்டி, அதில் இரண்டு மேடுகளையும் நீயே வரைந்தாய். உன் மேடு என்னுடையதைப் போல் ஒழுங்காக இல்லை. ஒட்டகம் மாதிரி இருந்தது.

அந்த அறையில் நான் பார்த்த ஒரு மத்தியானத்தை மறக்க மாட்டேன். முசிறிப் பக்கத்து வாழை வியாபாரி ஒருவர், மகனுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது, லாரி நிற்கிறது, போக வேண்டும் என்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். நீ அவரைப் பலகைக்கு முன்னால் கூட்டிக்கொண்டு வந்தாய்.

"அண்ணே, இந்த முதல் மேடு இருக்குல்ல, இது கிருமி. ஏறி இறங்கிடுச்சு. இந்தப் பக்கம் பாருங்க, இது உங்க பையனோட உடம்பு அதை விரட்டப் போய் வர்ற மேடு. இது இன்னும் ஏறலை."

அவர் பலகையை நெருங்கினார். விரலால் இரண்டு மேட்டுக்கும் நடுவில் இருந்த பள்ளத்தைத் தொட்டார். "அப்ப இப்ப நாங்க இங்க நிக்கறோமாங்க?"

"அங்கதான் நிக்கறீங்க. எல்லாப் பிள்ளைக்கும் ரெண்டாவது மேடு பெருசா வராது. உங்க பையனுக்கு வருமா வராதான்னு எனக்குத் தெரியாது. அதுக்காகத்தான் இருங்கன்னு சொல்றேன்."

அவர் வெளியே போய் லாரிக்காரரிடம் பேசிவிட்டு வந்து தரையில் துண்டை விரித்து உட்கார்ந்தார். சாயங்காலம் பையன் வயிறு வலிக்கிறது என்றான். கை கால் சில்லிட்டது. நீ அளந்து அளந்து டிரிப்ஸ் ஏற்றினாய். குறைந்தால் நாடி விழும், கூடினால் நுரையீரலில் நீர் கோத்துவிடும். மறுநாள் காலையில் அவன் இட்லி கேட்டான். "நம்ம கணக்கு ஜெயிச்சுடுச்சு டாக்டர்" என்றேன். "கணக்கு இல்ல டீச்சர், அவர் தங்கினாரு பாரு, அதுதான்" என்றாய். அந்த அறையை யாரும் காலி செய்யச் சொல்லவில்லை.

அதற்கடுத்த வருஷம் உன் விரல் மூட்டுகள் வலித்தன. ஸ்கூட்டரின் பிரேக்கைப் பிடிக்க முடியவில்லை என்று பஸ்ஸில் வந்தாய். கன்னத்தில் படர்ந்த சிவப்பை வெயில் என்றாய். லூபஸ் என்று ரிப்போர்ட் வந்த அன்று, அம்மா மண்டபத்துக் காவேரிப் படிக்கட்டில் உட்கார்ந்து நீதான் எனக்கு ஆறுதல் சொல்வதுபோல் விளக்கினாய். எதிர்ப்பாற்றல் தன் உடம்பையே எதிரி என்று நினைத்துத் தாக்கும் நோய். "என் நரிக்கு முயலே இல்ல டீச்சர். சும்மாவே கடிக்குது."

நரியை அடக்க மருந்து. நரி அடங்கினால் எந்தக் கிருமியும் உள்ளே வரலாம். முகக்கவசம் போட்டுக்கொண்டு வார்டுக்குப் போய்க்கொண்டேதான் இருந்தாய். போகாதே என்று சொன்னவர்களில் நானும் ஒருத்தி. யார் சொல்லி நீ கேட்டிருக்கிறாய்? நுரையீரலில் தொற்று இறங்கிய பிறகுதான் படுத்தாய்.

ஆஸ்பத்திரிக் கட்டிலில், ஆக்சிஜன் குழாய்க்கு நடுவே, என்னிடம் கேட்டாய்: "எனக்கும் ஒரு மேடு வரைஞ்சு காட்டேன்."

"முடியாது டாக்டர். நம்மகிட்ட இருக்கிறது அந்தப் பிள்ளைங்களோட கணக்கு. உனக்கு அது ஒண்ணும் சொல்லாது."

நீ கண்ணை மூடிக்கொண்டாய். உதடு சிரித்தது. "தெரியும். என்னைச் சமாதானப்படுத்த எதையாவது வரைஞ்சிடுவியோன்னு பார்த்தேன்."

கொஞ்ச நேரம் கழித்து, மூச்சு வாங்கி வாங்கி, வேலையைப் பற்றிப் பேச ஆரம்பித்தாய். "ஒரு வயசுக்குள்ள இருக்கற குழந்தைங்க. அம்மாவுக்கு எப்பவோ டெங்கு வந்திருக்கும். அந்த எதிர்ப்புப் பொருள் வயித்துல இருக்கும்போதே பிள்ளைக்குப் போயிடும். பிறந்த புதுசுல அதுதான் காவல். மாசம் ஆக ஆகக் கரையும். பாதி கரைஞ்ச நேரத்துல வேற வகை டெங்கு வந்தா, அந்தக் காவலே வைரஸைக் கையப் பிடிச்சு செல்லுக்குள்ள கூட்டிட்டுப் போகும். எந்த மாசம் வரைக்கும் காவல், எந்த மாசத்துல மாறுது? நம்ம ஊர்ப் பிள்ளைங்களுக்கு அது எங்கன்னு பாரு."

பார்ப்போம் என்று நீ சொல்லவில்லை. பாரு என்றாய். எனக்கு அது அப்போதே உறைத்தது.

உன் தம்பி உன்னைத் தகனத்துக்கு முசிறிக்குக் கொண்டுபோனார். காவேரியில் தண்ணீர் குறைவாக ஓடியது. எல்லாம் முடிந்து திருச்சி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தபோது, பக்கத்து சீட்டில் இருந்த பெண், தன் குழந்தைக்குக் காய்ச்சல் என்று யாரிடமோ போனில் சொல்லிக்கொண்டு வந்தாள். எத்தனை நாளாக என்று கேட்டேன். இறங்கும்வரை அவளிடம் பேசிக்கொண்டு வந்தேன். உனக்காக அழுவதற்கு அன்று நேரம் கிடைக்கவில்லை. பிறகு கிடைத்தது.

கட்டுரையைத் திருத்தி மறுபடி அனுப்பினேன், மறுபடி வந்தது, இன்னும் பிள்ளைகளின் முடிவுகளைச் சேர்த்து வேறோர் இதழுக்கு அனுப்பினேன். அச்சாகிவிட்டது. முதல் பெயர் உன்னுடையது. "அவங்கதான் இல்லையே, இனிமே எதுக்கு அலையறீங்க?" என்று கேட்டவர்களிடம் நான் வாதாடவில்லை. உன் வார்டை இப்போது பார்த்துக்கொள்கிற இளம் டாக்டர், உன்னிடம் வேலை கற்றவள், முதலில் "நேரமே இல்லைங்க மேடம்" என்றாள். நான் வாரா வாரம் போய் நின்றேன். ஆஸ்பத்திரியின் அறநெறிக் குழு கேட்ட கேள்விகளுக்கெல்லாம் பதில் எழுதினேன், அவர்கள் திரும்பக் கேட்டதற்கும் எழுதினேன். அனுமதி வந்தது.

உனக்குச் சொல்ல வேண்டிய சேதி இதுதான். இன்று காலை ஆரம்பித்துவிட்டோம்.

தடுப்பூசி போட வரும் குழந்தைகளின் குதிகாலில் குத்தி ஒரு சொட்டு ரத்தம். மாதங்கள் போகப் போக மறுபடியும் ஒரு சொட்டு. அம்மாவிடமிருந்து வந்த காவல் எப்படிக் கரைகிறது என்று பார்ப்பதற்கு. முதலில் வந்தவள் உறையூர்ப் பெண். கல்யாணத்துக்கு முன்பு அவளுக்கு டெங்கு வந்திருக்கிறது. இளம் டாக்டர் எல்லாவற்றையும் பொறுமையாக விளக்கிச் சம்மதம் கேட்டாள். அந்தப் பெண் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டே குழந்தையைப் பார்த்தாள். முகம் மாறிவிட்டது.

"அப்ப என்கிட்ட இருந்து போனதே இவனுக்குக் கெடுதல் பண்ணிடுமாங்க?"

இளம் டாக்டர் என்னைப் பார்த்தாள். இந்த மாதிரி இடங்களில் நான் எப்போதும் உன்னைத்தான் பார்ப்பேன். பார்க்க ஆள் இல்லை. நான் நாற்காலியை அவள் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"இல்லம்மா. டெங்கு வந்தா அது கொசுவால வர்றது. நீங்க கொடுத்ததுதான் இவன் பிறந்ததுல இருந்து இவனுக்குக் காவலா இருக்கு. அது கரைஞ்சு வரும்போது சில பிள்ளைங்களுக்கு ஒரு நேரம் கவனமா இருக்கணும். அந்த நேரம் எந்த மாசத்துல வருதுன்னு தெரிஞ்சா, நாங்க முன்னாடியே உங்களைக் கூப்பிட்டுச் சொல்லிடலாம்."

"எந்த மாசம்னு உங்களுக்குத் தெரியாதாங்க?"

"இன்னும் தெரியாதும்மா. கண்டுபிடிக்காம விடமாட்டேன்."

அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கையெழுத்துப் போட்டுவிட்டு, குழந்தையின் காலுறையைக் கழற்றி, அந்தச் சின்னக் குதிகாலைத் தன் உள்ளங்கையில் ஏந்தி எங்கள் பக்கம் நீட்டினாள்.